பெண் நீதிபதி என்றால் மத வழக்கில் பயந்துவிடுவாரா?

தம்பியின் வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்ற மனுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் உங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படத்தை, இன்னொரு மதத்தாரின் திருவிழாவைக் கேலி செய்யும் படத்தை, உங்கள் தம்பி நான்கு பேருக்கு அனுப்பியிருக்கிறார். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 299 (மத உணர்வைப் புண்படுத்துதல்), 196 (பிரிவினரிடையே பகைமையைத் தூண்டுதல்) ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிந்து கைது செய்திருக்கிறார்கள். தம்பி புழல் சிறையில் இருக்கிறார். ஜாமீன் மனு ஒரு பெண் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் வருகிறது. "பெண் நீதிபதிக்குப் பக்தி அதிகம், கோர்ட் வாசலில் கூட்டத்தைக் கண்டால் நடுங்கிவிடுவார், ஆண் நீதிபதியிடம் மாற்றிவிடுவோம், அன்றைக்கு நம் பக்கமும் முப்பது பேரைத் திரட்டி வருகிறேன்" என்று உங்கள் பெரியப்பா சொல்லியிருக்கிறார். இதில் மாற்றல் மனு என்பது சிறு பகுதிதான். அதற்கு ஒரு பத்தியில் பதில் சொல்லிவிடலாம். மனத்தில் உங்களை அரிப்பது வேறொன்று: கடவுள் பெயரால் கூட்டம் கூடும்போது, பெண் என்கிற ஒரே காரணத்தால் ஒரு நீதிபதி வளைந்துவிடுவாரா? அதற்குத்தான் நீளமாக எழுதுகிறேன்.

நான் ராயபுரத்தில் பிறந்தவள். லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிறிய அறையில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். மத உணர்வைப் புண்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் முப்பது பேருக்கு மேல் ஆஜராகியிருக்கிறேன். அவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு, மதமே வேண்டாம் என்றவர்களும் உண்டு. எங்கள் பகுதியில் இது அரிதான வழக்கும் இல்லை. தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள், ஆர்மேனியன் தெருவில் செவ்வாய்க்கிழமை தோறும் எல்லா மதத்தாரும் வந்து நிற்கும் அந்தோணியார், மண்ணடியில் பள்ளிவாசல்கள் என்று எல்லாம் உயர் நீதிமன்றத்திலிருந்து நடக்கிற தூரம்தான். இங்கே உட்காரும் நடுவருக்கு எந்தத் தெருவில் எந்த மாதம் எந்த ஊர்வலம் என்பது மனப்பாடம்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தம்பி மேல் போட்டிருக்கும் 299-வது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295-ஏ தான். பெயரும் எண்ணும் 2024 ஜூலை 1 முதல் மாறின, உள்ளடக்கம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அந்தப் பிரிவு பிறந்த கதையே நீதிபதியின் சுதந்திரம் பற்றிய கதைதான். லாகூரில் நபிகள் நாயகத்தைப் பற்றி இழிவாக எழுதப்பட்ட ஒரு பிரசுரத்தை வெளியிட்டவரை, 1927-இல் அந்த ஊர் உயர் நீதிமன்றத்தின் நீதிபதி தலீப் சிங் விடுதலை செய்தார். பிரசுரத்தை அவர் மெச்சவில்லை, அது தீய நோக்கமுள்ளது என்றே எழுதினார். ஆனால் அன்றிருந்த, பகைமையைத் தூண்டுவது பற்றிய 153-ஏ பிரிவு அந்தச் செயலுக்குப் பொருந்தாது, சட்டத்தில் இடைவெளி இருந்தால் அதைச் சட்டமன்றம்தான் நிரப்ப வேண்டும் என்பது அவர் நிலை. ஊர் கொதித்தது. அவர் பதவி விலக வேண்டும் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதன் ஆசிரியரும் உரிமையாளரும் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குப் போனார்கள். அதே ஆண்டு 295-ஏ சட்டமாயிற்று. நீதிபதி தீர்ப்பை மாற்றவில்லை, சட்டம்தான் மாறியது. அந்தப் பிரசுரத்தை வெளியிட்டவர் 1929-இல் கொல்லப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், அன்று அந்த நீதிபதியைச் சூழ்ந்திருந்த கோபத்தின் அளவு விளங்கும்.

அந்தப் பிரிவு இரண்டு சொற்களின் மேல் நிற்கிறது: வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு. மனம் புண்பட்டது என்று ஆயிரம் பேர் சொன்னாலும் இந்த இரண்டும் இல்லையென்றால் குற்றம் இல்லை. 1957-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தபோதும், மதத்தை இழிவுபடுத்தும் கடுமையான வடிவத்தை மட்டுமே இது தண்டிக்கிறது என்ற காரணத்தால்தான் ஏற்றது. 2017-இல் கிரிக்கெட் வீரர் தோனி மீதான வழக்கை ரத்து செய்தபோதும், தெரியாமலோ கவனக்குறைவாலோ நேர்ந்தது இதில் வராது என்று திரும்பவும் சொன்னது. ஆகவே நடுவர் முன்னுள்ள கேள்வி, அவருக்குப் பக்தி இருக்கிறதா என்பது பற்றியதே அன்று. அனுப்பியவரின் நோக்கம் என்ன என்பதுதான் கேள்வி.

பக்தி பற்றி நம் ஊர் வழக்கு ஒன்றையே எடுத்துக்காட்டலாம். 1953-இல் திருச்சியில் பெரியார் களிமண் பிள்ளையார் சிலையை உடைத்தார். வழிபடும் பொருளைச் சேதப்படுத்தியதாக ஒருவர் புகார் கொடுத்தார். உடைந்தது கோயிலில் வைத்து வணங்கப்பட்ட சிலை அன்று, வெறும் மண் பொம்மை என்று நடுவர் புகாரைத் தள்ளினார். செஷன்ஸ் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே ஏற்றன. 1958-இல் உச்ச நீதிமன்றம், கீழே இருந்தவர்கள் சட்டத்தை மிகக் குறுக்கிப் படித்துவிட்டார்கள் என்றது. ஆனாலும் காலம் கடந்துவிட்டதால் மேல் விசாரணைக்கு உத்தரவிடவில்லை. அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: நீதிபதி அந்த நம்பிக்கையைத் தானும் கொண்டிருக்கிறாரா, அது பகுத்தறிவுக்கு ஒத்ததாக அவருக்குத் தோன்றுகிறதா என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, பிறர் உணர்வை மதிக்க வேண்டும் என்று அது சொன்னது. அதன் மறுபக்கமும் அதே வலுவோடு பொருந்தும். நீதிபதி விரதம் இருப்பவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை எடைபோடச் சட்டத்தில் இடமே கிடையாது.

இனி, ஆண், பெண் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில் என்னை நெடுநாள் உறுத்திய ஒரு செய்தி உண்டு. பேச்சோ எழுத்தோ பகைமையைத் தூண்டுகிறதா என்று அளக்க நம் நீதிமன்றங்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. சுதந்திரத்துக்குச் சற்று முன் நாக்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் எழுதியது. நியாயமும் மன உறுதியும் துணிச்சலும் கொண்ட ஆண்களின் பார்வையில் சொற்களை அளக்க வேண்டும், ஊசலாடும் பலவீனமான மனங்களின் பார்வையில் அளக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் 'ஆண்கள்' என்றுதான் எழுதினார். அந்தக் காலத்து வழக்கப்படி எல்லா மனிதரையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், துணிச்சல் ஆணின் சொத்து என்ற எண்ணம் அந்தச் சொல்லின் அடியில் படிந்து கிடந்தது. 1988-இல் உச்ச நீதிமன்றம் அதே வரியை அப்படியே எடுத்துக்கொண்டது. 2025 மார்ச்சில், இம்ரான் பிரதாப்கடி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பகிர்ந்த ஒரு கவிதைக்காகப் போடப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் தம்பி மேலுள்ள அதே 196, 299 பிரிவுகள் அந்த வழக்கிலும் இருந்தன. அதே அளவுகோலைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் 'ஆண்கள்' இருந்த இடத்தில் 'தனிநபர்கள்' என்ற சொல் வந்திருந்தது. ஒரு சொல் நகர எண்பது ஆண்டுகள் ஆயின. அந்தப் பக்கத்தை நான் அச்செடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நான்கு குணம் வகுத்து வைத்திருக்கிறோம். முதல் குணமே அச்சம். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவர்கள், கறுப்பு அங்கி போட்டு மேடையில் உட்கார்ந்த பெண்ணிடமும் அதையே தேடுகிறார்கள். உங்கள் பெரியப்பாவை நான் குறை சொல்லவில்லை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அவர் சொன்னதையே சொல்கிறார்கள். மீதிப் பாதி, "பெண் என்றால் பேயும் இரங்கும், அந்த அம்மா கோர்ட்டிலேயே மனுவைப் போடுங்கள், தாயுள்ளம் இருக்கும்" என்கிறார்கள். ஒரே நடுவரைப் பற்றி ஒரே வாரத்தில் இரண்டையும் கேட்டிருக்கிறேன். பயப்படுவார், இரங்குவார் என்ற இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: அவர் வழக்குக் கட்டைப் படித்துச் சட்டப்படி முடிவெடுப்பார் என்ற நம்பிக்கை இல்லாமை. பெண்கள் உணர்ச்சிவசப்படுகிறவர்கள், முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்ற எண்ணத்தை, நீதிமன்றங்கள் கைவிட வேண்டிய தவறான வார்ப்புகளில் ஒன்றாக உச்ச நீதிமன்றம் 2023-இல் வெளியிட்ட கையேட்டிலேயே சேர்த்திருக்கிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இந்தியக் கீழமை நீதிமன்றங்களில் 2010 முதல் 2018 வரையிலான ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட குற்ற வழக்குகளைப் பொருளாதார அறிஞர்கள் குழு ஒன்று ஆராய்ந்தது. நீதிபதியும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே பாலினத்தவர் என்பதாலோ ஒரே மதத்தவர் என்பதாலோ தீர்ப்பு சாய்கிறதா என்று பார்த்தார்கள். மொத்தத்தில் சாயவில்லை, விளைவு பூஜ்ஜியத்தை ஒட்டியே இருந்தது. எனக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இதை நான் அளவுக்கு மீறி இழுக்க மாட்டேன். பாலினத்தையும் மதத்தையும் அவர்கள் பெயரை வைத்து ஊகித்தார்கள். எல்லா வகைக் குற்ற வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். வாசலில் கூட்டம் நிற்கும் நாளில் நீதிபதி எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அந்த எண்கள் அளக்கவில்லை. அமெரிக்காவில் மேல்முறையீட்டு நீதிமன்றங்களைப் பற்றி 2010-இல் வந்த ஓர் ஆய்வு, பதின்மூன்று வகை வழக்குகளை எடுத்துப் பார்த்தது. ஆண், பெண் நீதிபதிகளிடையே தெளிவான வேறுபாடு தெரிந்தது ஒரே ஒரு வகையில்தான்: வேலையிடத்தில் பாலினப் பாகுபாடு காட்டியதான வழக்குகள். தானே அனுபவித்து அறிந்த ஒன்றில் பெண் நீதிபதிக்குக் கூடுதல் புரிதல் இருப்பது இயல்பு. மத வழக்கில் அப்படி ஒரு தனி அறிவு பெண்ணுக்கு உண்டு என்றோ இல்லை என்றோ அதிலிருந்து எடுக்க முடியாது.

பெரிய அமர்வுகளைப் பாருங்கள். சபரிமலை வழக்கு குற்ற வழக்கு அல்ல, ஆனாலும் பாடம் உண்டு. 2018 செப்டம்பர் 28 அன்று பெண்களை அனுமதிக்க வேண்டும் என்று நான்கு ஆண் நீதிபதிகள் சொன்னார்கள். அமர்விலிருந்த ஒரே பெண், நீதிபதி இந்து மல்ஹோத்ரா, மாறுபட்டார். ஒரு மத வழக்கம் அறிவுக்கு ஒத்ததா என்று நீதிமன்றம் ஆராயக் கூடாது என்பது அவர் வாதம். எனக்கு அவர் முடிவில் உடன்பாடு இல்லை. ஆனால் நாடே எதிர்பார்த்ததற்கு எதிராகத் தனியாக நின்று எழுதினார் என்பதை மறுக்க முடியாது. அஞ்சுகிறவர் செய்கிற காரியம் அதுவன்று. 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஹிஜாப் தீர்ப்பு, வகுப்பறையில் ஹிஜாபுக்குத் தடை செல்லும் என்ற தீர்ப்பு, மூன்று பேர் ஒருமித்து எழுதியது. அவர்களில் ஒருவர் முஸ்லிம் பெண் நீதிபதி. அவர் பெண், அவர் முஸ்லிம் என்ற இரண்டு சீட்டுகளை வைத்து முன்கூட்டியே கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் தவறினார்கள். நம் உயர் நீதிமன்றத்திலோ, 2016 ஜூலை 5 அன்று எழுத்தாளர் பெருமாள்முருகன் வழக்கில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் சேர்ந்து தீர்ப்பளித்தார்கள். நாமக்கல்லில் அமைதிப் பேச்சு என்ற பெயரில் அவரிடம் எழுதி வாங்கிய மன்னிப்பு அவரைக் கட்டுப்படுத்தாது என்றார்கள், அவர் எழுதட்டும் என்று முடித்தார்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து கூட்டத்தின் அதட்டலைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திய தீர்ப்பு அது. அதில் எந்த வரி யாருடைய துணிவு என்று பிரிக்க முயல்வது வீண் வேலை.

இனி நானே பார்த்தது. சில ஆண்டுகளுக்கு முன் வடசென்னையில் ஒரு பெண் நடுவரின் குடியிருப்பில், இரவு பதினொரு மணிக்கு ரிமாண்டுக்கு, அதாவது கைதானவரைக் காவலில் வைக்கப் போலீஸ் அனுமதி கேட்கும் இடத்துக்கு, போய் நின்றேன். என் கட்சிக்காரர் கல்லூரி மாணவர், முகநூலில் போட்ட நான்கு வரிக்காகப் பிடித்துவந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தை ஒதுக்கிவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவர் ரிமாண்ட் அறிக்கையை முதல் வரியிலிருந்து படித்தார். உள்ளறையில் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. முதலில் மாணவரைத்தான் பார்த்தார். "அடித்தார்களா? பயப்படாமல் சொல்லுங்கள்" என்று கேட்டார். பிறகு ஆய்வாளரிடம், "ஏழு ஆண்டுக்குக் கீழ்ப்பட்ட தண்டனை. நோட்டீஸ் கொடுத்தீர்களா? கைதுக்கான காரணம் எங்கே?" என்றார். "ஸ்டேஷன் வாசலில் இருநூறு பேர் நிற்கிறார்கள் அம்மா, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை" என்றார் ஆய்வாளர். "கூட்டத்தைக் கலைப்பது உங்கள் வேலை. கூட்டம் நிற்கிறது என்பதற்காக இவரை உள்ளே வைப்பது என் வேலையில்லை" என்று சொல்லிவிட்டு, ரிமாண்டை மறுத்து இரண்டு பக்கம் கையாலேயே எழுதினார். பேனா நடுவில் மக்கர் செய்தது. என் பேனாவை வாங்கித்தான் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மூன்று நாள் நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. அவருடைய பழைய குடும்பப் படம் ஒன்று கைப்பேசிகளில் சுற்றியது. நெற்றியில் பொட்டு இருக்கிறதா, கணவர் எந்த ஊர், எந்த மதம், காதல் திருமணமா என்று அதன் கீழே எழுதினார்கள். எழுதக் கூசும் சொற்களும் இருந்தன. அவர் எழுதிய இரண்டு பக்கத்தில் எந்த வரி தவறு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இதே போன்ற உத்தரவை ஓர் ஆண் நடுவர் போட்டபோது, "காசு வாங்கிவிட்டார்", "அந்தக் கட்சி ஆள்" என்றுதான் பேசினார்கள். அவர் மனைவியின் பொட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பல ஆண்டுகள் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: ஆண் நீதிபதிக்கும் பெண் நீதிபதிக்கும் வேறுபாடு அவர்கள் குணத்தில் இல்லை, அவர்கள் மேல் ஏவப்படும் அழுத்தத்தின் வடிவத்தில்தான் இருக்கிறது. பெண்ணை உடம்பைக் கொண்டும் குடும்பத்தைக் கொண்டும் மிரட்டுகிறார்கள். அதற்குப் பிறகும் மறுநாள் காலை பத்தரைக்கு வந்து உட்கார்ந்து டபேதாரிடம் "முதல் வழக்கைக் கூப்பிடுங்கள்" என்றவரை, பயந்த சுபாவம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

வளைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், மறைக்க மாட்டேன். ஓர் ஆண் நடுவர், கொலைமுயற்சி வழக்குகளில்கூடத் தயங்காதவர், இதுபோன்ற ஒரு ஜாமீன் மனுவை மட்டும் மூன்று வாய்தா தள்ளினார். "போலீஸ் பதில் தாக்கல் செய்யட்டும்" என்பதே ஒவ்வொரு முறையும் காரணம். பையன் கூடுதலாகப் பதினொரு நாள் புழலில் கிடந்தான். அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. ஒரு பெண் நடுவர், தகுதிகாண் பருவம் முடியாதவர், என் வாதத்தைக் கேட்ட மறு நிமிடமே ஒரு வரியில் தள்ளுபடி செய்தார். கண்ணை நிமிர்த்தவே இல்லை. ஐந்தாறு ஆண்டு கழித்து அதே அம்மையார் வேறொரு மாவட்டத்தில் இதே வகை வழக்கில் மிகச் சிறந்த ஜாமீன் உத்தரவு ஒன்றை எழுதினார் என்று அங்குள்ள வழக்கறிஞர்கள் சொன்னார்கள். அவர் அப்போதும் பெண்தான். இடையில் மாறியது அவருடைய பணி உறுதி. பணியின் தொடக்கமும் முடிவும்தான் ஒரு நீதிபதி எளிதில் அடிபடும் காலம் என்பது என் எண்ணம். ஆனால் இது ஒரு வழக்கறிஞரின் கண்ணில் பட்டது மட்டுமே. நாலைந்து நீதிமன்றங்களில் நடந்ததை வைத்து நாடு முழுவதற்கும் விதி எழுத மாட்டேன்.

அரசியல் சட்டத்தின் 235-வது பிரிவு கீழமை நீதிபதிகளின் பணியிடம், பதவி உயர்வு, விடுப்பு எல்லாவற்றையும் உயர் நீதிமன்றத்தின் கையில் வைத்திருக்கிறது. அரசாங்கம் நேரடியாகத் தொட முடியாது என்பது பெரிய காப்பு. அந்த உயர் நீதிமன்றம் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது என்று தெரிந்தால், இருபத்தேழு வயதுப் பெண் நடுவரும் அசைய மாட்டார். நிற்குமா என்ற ஐயம் வந்தால் ஐம்பத்தெட்டு வயது ஆணும் வாய்தா போடுவார். மேலே இருப்பவர்களுக்கே மாற்றல் என்னும் கத்தி உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த விஜயா தஹில்ரமானியை 2019-இல் மேகாலயாவுக்கு மாற்றினார்கள், அவர் பதவி விலகினார். 2021-இல் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜியையும் அதே மேகாலயாவுக்கே மாற்றினார்கள், அவர் போய்ப் பொறுப்பேற்றார். இரண்டு முறையும் எங்கள் வழக்கறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒருவர் விலகியதையும் ஒருவர் போனதையும் பெண் குணம், ஆண் குணம் என்று யாராவது விளக்கினால் நம்பாதீர்கள். இருவர் மேலும் விழுந்தது ஒரே கத்தி.

உயிருக்கே ஆபத்து வரும் இடத்தில் ஆண் என்பது கவசம் ஆவதில்லை. நம்மைப் போலவே 1927-ஆம் ஆண்டின் அந்தப் பிரிவைச் சுமக்கும் பாகிஸ்தானில், பின்னாளில் சேர்த்த 295-சி வழக்குகளை, அதாவது நபிகளை இழிவுபடுத்தியதான வழக்குகளை, முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அங்கே இரண்டு கிறித்தவர்களை விடுவித்த லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆரிஃப் இக்பால் பட்டி, 1997-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018-இல், மத நிந்தனை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த ஆசியா பீபி என்ற கிறித்தவப் பெண்ணை விடுவித்த மூன்று நீதிபதிகளையும் கொல்ல வேண்டும் என்று தெருவில் முழங்கினார்கள். இந்தியாவிலும் ஹிஜாப் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு ஆண்கள், ஒரு பெண் என்று மூன்று நீதிபதிகளுக்கும் ஒன்றுபோல 'ஒய்' பிரிவுப் பாதுகாப்புத் தர வேண்டியிருந்தது.

ஐயத்துக்கு இடமானது எது என்றும் சொல்லிவிடுகிறேன். அமர்வில் பெண் ஒருவர் இருந்தால் உடனிருக்கும் ஆண்களின் சிந்தனையும் மாறுகிறது என்று நான் சொன்ன அமெரிக்க ஆய்வு காட்டியது, ஆனால் அந்த ஒரு வகை வழக்கில் மட்டும். மத வழக்கில் அப்படி நேருமா என்பது திறந்த கேள்வி. பெண்கள் மேல் குறிவைக்கும் அந்த இழிபேச்சு, பல ஆண்டுகளில் ஒருவரை மெல்ல மெல்லப் பின்வாங்கச் செய்யுமா என்பதும் அப்படியே. என் மனம் 'செய்யக்கூடும்' என்றே சொல்கிறது. அப்படியே இருந்தாலும் அதற்கு மருந்து, மிரட்டுகிறவர்களைத் தடுப்பதுதான். வழக்கை அந்த நடுவரிடமிருந்து பிடுங்கினால் மிரட்டியவர்களுக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்.

மாற்றல் மனு பற்றி: போடலாம், ஆனால் நீதி கிடைக்காது என்ற அச்சத்துக்கு நியாயமான ஆதாரம் காட்ட வேண்டும். நீதிபதி பெண் என்பது ஆதாரம் ஆகாது. அப்படி ஒரு வரியை மனுவில் எழுதிக் கையெழுத்திட நான் மறுத்துவிடுவேன். அந்த மனு எண்ணாகி விசாரணைக்கு வருவதற்குள் தம்பிக்கு ஜாமீனே கிடைத்துவிடக்கூடும். நேரத்தை வேறு நான்கு இடங்களில் செலவிடச் சொல்லுங்கள் உங்கள் வழக்கறிஞரை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது, காரணம் எழுதாமல் காவலை அனுமதிக்கும் நடுவர் மீது உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது. உங்கள் வழக்கில் தண்டனை மூன்று ஆண்டு வரைதான். கைதுக்கு முன் விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது, பேச்சு சார்ந்த இத்தகைய குற்றங்களில் வழக்குப் பதியும் முன் பதினான்கு நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யும் வழி புதிய நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நான் சொன்ன 2025 தீர்ப்பு வலியுறுத்துகிறது. மூன்றாவது, இந்த இரு பிரிவுகளிலும் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியாது. அவசரத்தில் காவல்துறை மறப்பது இதைத்தான். நான்காவது, அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். அந்த நாள்வரை போகாது என்றே நினைக்கிறேன். நடுவர் மறுத்தாலும் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் முதன்மை செஷன்ஸ் நீதிமன்றம் இருக்கிறது, அதற்கும் மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது.

"அந்த அம்மாவின் மாமியாரை எனக்குத் தெரியும், பேசிப் பார்க்கிறேன்" என்று யாராவது வருவார்கள். எங்கள் பகுதியில் கட்டாயம் வருவார்கள். வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். தம்பியின் கைப்பேசியை இன்னும் கைப்பற்றவில்லை என்றால் அதிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம். அந்தப் படம் யாரிடமிருந்து அவருக்கு வந்தது, அனுப்பும்போது என்ன எழுதினார், எதுவுமே எழுதவில்லையா என்பதெல்லாம் நோக்கத்தைக் காட்டும் சான்று, அவை உங்களுக்கே உதவலாம்.

பெரியப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு இருநூறு பேரை நிறுத்தினால் அது அந்த நடுவர் மேல் வைக்கும் அழுத்தம். நீங்கள் முப்பது பேரை நிறுத்தினாலும் அதே அழுத்தம்தான். அவர் அவசியம் வரட்டும். தனியாக, குடும்ப அட்டை, ஆதார், வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் அசலோடு, காலை பத்து மணிக்கே வந்து ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடட்டும். இன்னொரு ஜாமீன்தாரரும் கேட்பார்கள், அதற்கு உங்கள் தெருவிலேயே வேறு ஒருவரை இன்றே பேசி வையுங்கள்.